திசைச்சொல்லின் இடமும் வட்டாரச் சொல்லின் வாழ்வும்

தமிழிலக்கணம் கூறும் நால்வகைச் சொற்களுள் ஒன்று திசைச்சொல். இப்பெயர் முதற்கண் எதனைக் குறித்தது, பின்னர் எதனைக் குறிப்பதாயிற்று, அம்மாற்றத்தால் வட்டாரச் சொற்கள் எய்திய நிலை யாது என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தொல்காப்பியனார் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நான்கினையும் செய்யுள் யாத்தற்குரிய சொற்களாக வகுத்தார். செந்தமிழைச் சேர்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பின்படி வழங்குவது திசைச்சொல் என்றார். இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. திசைச்சொல்லை அவர் வழுவென விலக்கவில்லை. புலவன் ஆளுதற்குரிய சொல்லாகவே ஏற்றார். மேலும், வடசொல்லை வேறு பிரித்தமையால், வேற்றுமொழிச் சொல்லைச் சுட்டுவது திசைச்சொல்லின் முதன்மைப் பணி அன்று என்பதும் பெறப்படும்.

உரையாசிரியர்கள் இதற்கு எல்லை வகுக்க முற்பட்டனர். வையையாற்றின் வடக்கும், மருதயாற்றின் தெற்கும், கருவூரின் கிழக்கும், மருவூரின் மேற்கும் செந்தமிழ் நிலம் என்பது சேனாவரையர் முதலியோர் கொள்கை. இவ்வெல்லையை அப்படியே கொள்வோமாயின், வையையின் தென்கரையில் அமைந்த மதுரை மாநகரே செந்தமிழ் நிலத்திற்குப் புறம்பாகிவிடும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் போற்றப்படும் நகரைப் புறத்தே நிறுத்தும் எல்லை எங்ஙனம் பொருந்தும்? தெய்வச்சிலையார் இவ்வெல்லையை மறுத்தார். எனினும், அவர் சிங்களம், கன்னடம், கலிங்கம் முதலியவற்றையே பன்னிரு நிலமாக எண்ணினார். எல்லைக் குறை நீங்கிற்று. ஆயின் திசைச்சொல் தமிழகத்தின் புறத்தே சென்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் இரு கருத்துகளையும் ஒருங்கே தழுவிற்று. பன்னிரு நாட்டு வழக்கோடு தமிழல்லாத பிற நிலங்களிலிருந்து வந்த சொற்களையும் பவணந்தியார் திசைச்சொல் என்றார். பின்னர் போர்த்துக்கேசியம், பாரசீகம், ஆங்கிலம் முதலிய மொழிச் சொற்கள் மிகுதியாகப் புகவே, அப்பெயர் பெரிதும் அவற்றிற்கே உரியதாயிற்று. இன்று திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு வினவின் மாணவர் முதலில் கூறுவன சன்னல், சாவி போன்றவையே.

இதன் விளைவு சிறிதன்று. தனக்கென இலக்கணம் அளித்த பெயரை வட்டாரச் சொல் இழந்தது. பெயரிழந்த சொல் கொச்சை என்னும் பெயர் பெற்றது. பிறநாட்டுச் சொல்லுக்கு இலக்கணத்தில் இடமுண்டு. நம் ஊர்ச் சொல்லுக்கு இல்லை என்னும் விந்தையான நிலை இங்ஙனம் தோன்றியது.

நன்னூல் உரைகள் காட்டும் பழைய திசைச்சொற்கள் பின்னர் எய்திய நிலையை நோக்குவோம். தென்பாண்டி நாட்டாருக்கு உரியதாகச் சொல்லப்பட்ட பெற்றம் பேச்சில் மறைந்து நூற்சொல்லாயிற்று. அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்றனர். அச்சொல் இன்று கிணற்றைக் குறித்து வழங்குகின்றது. குடநாட்டார் தந்தைக்கு வழங்கிய அச்சன் மலையாளத்தின் தகுவழக்காக உயர்ந்தது. குட்டநாட்டார் தாய்க்கு வழங்கிய தள்ளை என்பதன் மலையாள வடிவமோ மதிப்புக் குறைந்து நிற்கின்றது. அடுத்தடுத்த நாட்டு வழக்காய் ஒரே பட்டியலில் நின்ற இரு சொற்களுள் ஒன்று உயர, மற்றொன்று தாழ்ந்தது. சொல்லின் உயர்வும் தாழ்வும் பிறப்பால் அமைவன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாழும் வழக்கிலும் முறைப்பெயர்களே இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவன. கொங்கு நாட்டில் அப்புச்சி தாயின் தந்தை. நகரத்தார் வழக்கில் அப்பச்சி தந்தையே ஆவார். ஆச்சி என்பது நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் பாட்டியைச் சுட்ட, நகரத்தாரிடையே மூத்த உடன்பிறந்தாளைச் சுட்டும். தந்தையின் தாயை அப்பத்தாள், அப்பாயி என்றும், தாயின் தாயை அம்மாயி, அம்மாச்சி, அமுச்சி என்றும் இடந்தோறும் வேறுவேறாக வழங்குவர். வடிவம் வேறுபடினும், தந்தைவழி, தாய்வழி என்னும் பகுப்பை இவை ஐயமின்றி உணர்த்துகின்றன. மணவுறவும் பிறந்தகக் கடனும் இப்பகுப்பைப் பற்றியே நிற்றலின், இச்சொற்கள் குடும்ப அமைப்பின் வரலாற்றுச் சான்றுகளும் ஆகும்.

இன்றைய இளந்தலைமுறையினர் பலர் இவையனைத்திற்கும் ஈடாகப் பாட்டி என்னும் ஒரு சொல்லையே ஆளுகின்றனர். பள்ளிப் பாடமும் நகர வாழ்வும் அச்சொல்லைத் தகுவழக்காக்கின. அதன் பழைமையை ஆராயின் வியப்பே மிகும். தொல்காப்பிய மரபியலில் பாட்டி என்பது பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்குரிய பெயர். சங்க நூல்களில் பாணர்குலப் பெண்ணையும் அது குறிக்கும். அங்ஙனம் வழங்கிய சொல் இன்று மதிப்புடைய முறைப்பெயராகியிருக்க, அமுச்சி கொச்சையெனக் கழிக்கப்படுகின்றது. மாணவர் கட்டுரையில் அத்தகைய சொற்களை யாமும் ஒருகாலத்தில் சிவப்பு மையால் அடித்ததுண்டு. தந்தையின் தாயும் தாயின் தாயும் ஒரு கட்டுரையில் வருமிடத்து, அடிக்கப்பட்ட சொல்லே தெளிவுடையது என்பதை அன்று யாம் உணர்ந்திலேம்.

இக்குறையை உணர்ந்தோர் இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது, வட்டார வழக்குகளை அடையாளமிட்டுச் சேர்த்துக்கொண்டது. பின்னர் கி. ராஜநாராயணன் கரிசல் நிலச் சொற்களைத் தொகுத்து 1982-இலும், பெருமாள்முருகன் கொங்கு நாட்டுச் சொற்களைத் தொகுத்து 2000-இலும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களைத் தொகுத்து 2007-இலும் அகராதிகள் வெளியிட்டனர். இம்மூவரும் படைப்பாளர் என்பது கருதத்தக்கது. இலக்கண ஆசிரியர் செய்திருக்க வேண்டிய பணியைக் கதை எழுதுவோர் செய்துள்ளனர்.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். அவரவர் ஊரில் முதியோர் வழங்கும் முறைப்பெயர்களை ஊர், சொல்வோர் அகவை, குறிக்கும் உறவு ஆகியவற்றுடன் எழுதித் தொகுத்தல் வேண்டும். அதே பெயரை அவர்தம் மக்களும் பேரரும் எவ்வாறு வழங்குகின்றனர் என்பதையும் அருகில் குறித்தல் வேண்டும். ஏட்டில் உள்ள சொல்லை எக்காலத்தும் தேடிக் கொள்ளலாம். நாவில் மட்டும் உள்ள சொல்லோ அதனை வழங்குவோர் உள்ளவரையே நம்மோடிருக்கும். தொல்காப்பியனார் செய்யுளில் அளித்த இடத்தை அச்சொற்களுக்கு ஆராய்ச்சியிலேனும் அளித்தல் தமிழ் கற்றார் கடனாகும்.