முதலில் வந்ததா, முன்கதையா? – டிராகன் குவெஸ்ட் வரிசையும் வரலாற்றுப் பாடமும்



ஒரு கதைத்தொடரை எங்கிருந்து தொடங்குவது? கதைக்குள் முதலில் நிகழ்ந்ததிலிருந்தா, கதைசொல்லி முதலில் சொன்னதிலிருந்தா? பள்ளி விடுமுறை நெருங்கும்போது மாணவர் சிலர் இவ்வினாவை நிகழ்பட விளையாட்டை முன்வைத்துக் கேட்பதுண்டு. எதை முதலில் வாங்கித் தருவது எனப் பெற்றோரும் வினவுகின்றனர். வெறும் விளையாட்டுதானே என்று இதனை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நிகழ்ந்த வரிசை வேறு, நாம் அறிந்துகொண்ட வரிசை வேறு என்பதை மாணவருக்குப் புரியவைப்பது வரலாற்று வகுப்பில் எளிதன்று. அதனை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டு ஜப்பானில் பிறந்த 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டுத் தொடர்.

தொடரின் பிறப்பு

1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் எனிக்ஸ் நிறுவனம் முதல் பாகத்தை வெளியிட்டது. கதையும் அமைப்பும் யூஜி ஹோரி. ஓவியம் அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பொறிக்காக இது உருவானது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு அன்றைய ஜப்பானியச் சிறுவர் பலருக்குப் புதியது. 'விசார்டிரி', 'அல்டிமா' போன்ற அமெரிக்கக் கணினி விளையாட்டுகளில் ஹோரிக்கு ஈடுபாடு உண்டு. ஆனால் அவற்றின் கடினம் சிறுவரை விரட்டிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே அவர் செய்ததைப் பாருங்கள். விளையாட்டு ஓர் அரசவையில் தொடங்குகிறது. கதவு பூட்டியிருக்கிறது. பேசுதல், பெட்டியைத் திறத்தல், சாவியைப் பயன்படுத்துதல், படியிறங்குதல் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால்தான் அந்த அறையை விட்டே வெளியேற முடியும். கற்பித்தலை அறிந்த ஒருவர் அமைத்த முதல் பாடம் அது.

பாகங்கள் வளர்ந்த முறையும் அவ்வாறே. முதல் பாகத்தில் ஒரே வீரன். எதிரியும் ஒரு நேரத்தில் ஒருவனே. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் மூவர். 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் நால்வர். அவர்களது தொழிலையும் ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம், இடையில் மாற்றவும் செய்யலாம். ஒன்று, மூன்று, நான்கு என ஒரு தலைமுறைச் சிறுவர் படிப்படியாகப் பழக்கப்பட்டனர். வெளிவந்த வரிசை ஒரு பாடத்திட்டமாகவே அமைந்துவிட்டது எனலாம்.

மற்றொரு செய்தி. ஜப்பானில் முதலிரு பாகங்களிலும் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' எனப்பட்ட எழுத்துக்கோவையைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை உள்ளிட வேண்டும். முதல் பாகத்தில் 20 எழுத்துகள். இரண்டாம் பாகத்தில் 52 எழுத்துகள் வரை நீளும். ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினாலும் அத்தனை நாள் உழைப்பும் வீண். மூன்றாம் பாகத்தில்தான் மின்கலத்தின் துணையால் ஆட்டத்தைச் சேமிக்கும் முறை வந்தது.

வரிசைச் சிக்கல்

முதல் பாகத்தின் வீரன், ரோட்டோ என்ற பழம்பெரும் வீரனின் வழித்தோன்றல். ஆங்கிலப் பதிப்பில் அப்பெயர் எர்டிரிக். அவன் யார், எப்போது வாழ்ந்தான் என்பது தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. ஊரார் வாய்மொழியாகவும், அவன் விட்டுச்சென்ற வாளும் கவசமும் வழியாகவும் மட்டுமே அவனை அறிகிறோம். இரண்டாம் பாகம் அதன்பின் நூறாண்டுகள் கழித்து நிகழ்கிறது. ரோட்டோ இன்னும் தொன்மமாகவே இருக்கிறான்.

மூன்றாம் பாகம் முற்றிலும் வேறோர் உலகில் தொடங்குகிறது. நெடும்பயணத்தின் பின்பகுதியில் வீரன் கீழுலகம் ஒன்றுக்கு இறங்குகிறான். அங்கே விரியும் நிலம், முதல் பாகத்தை ஆடியவர் நன்கறிந்த அலெஃப்கார்ட்! இறுதி வெற்றிக்குப் பின் அவனுக்கு வழங்கப்படும் பட்டமே 'ரோட்டோ'. கேள்விப்பட்ட தொன்மத்தை ஈராண்டுகளாகச் சுமந்து வந்த சிறுவன், அத்தொன்மத்தை உருவாக்கியவன் தானே என்று அறியும் கணம் அது.

கதைக்கால வரிசையில் 3, 1, 2 என்று ஆடுபவர்க்கு இக்கணம் வாய்க்காது. அவருக்கு அலெஃப்கார்ட் ஒரு புதிய ஊர். ரோட்டோ ஒரு பட்டப்பெயர். நிகழ்ச்சிகள் சீராகப் புரியும், வியப்பு இராது. நம் இலக்கியத்திலும் இவ்வினா உண்டு. கல்கியின் 'பார்த்திபன் கனவு' முதலில் வந்தது. அதற்கு முந்திய காலத்தைக் கூறும் 'சிவகாமியின் சபதம்' பின்னரே வந்தது.

பள்ளிகளைக் கலக்கிய நாள்

மூன்றாம் பாகம் வெளிவந்தது 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. வகுப்புக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்ற மாணவரைக் காவல்துறையினர் பிடித்தது பெருஞ்செய்தியாயிற்று. இதனால் ஜப்பானிய அரசு வேலைநாளில் இவ்விளையாட்டை விற்கத் தடைச்சட்டம் இயற்றியது என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அப்படி ஒரு சட்டமே இல்லை. அடுத்த பாகங்கள் விடுமுறை நாள்களில் வெளிவந்தன என்பது உண்மை. நான்காம் பாகம் 1990 பிப்ரவரி 11, ஞாயிறு; ஐந்தாம் பாகம் 1992 செப்டம்பர் 27, ஞாயிறு; ஆறாம் பாகம் 1995 டிசம்பர் 9, சனி. ஓர் உண்மை நிகழ்வு எவ்வாறு கட்டுக்கதையாக வளர்கிறது என்பதற்கு இதையும் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

இன்றைய நிலை

இப்போது வெளியீட்டாளரே வரிசையை மாற்றியுள்ளனர். புத்துருப் பெற்ற மூன்றாம் பாகம் 2024 நவம்பர் 14ஆம் நாளும், முதலிரு பாகங்கள் ஒருசேர 2025 அக்டோபர் 30ஆம் நாளும் வந்தன. புதிய பதிப்பில் கூடுதல் காட்சிகளும் சேர்ந்துள்ளன. இவ்வரிசைக்கும் நியாயம் உண்டு. முதல் பாகம் ஒற்றை வீரனின் எளிய ஆட்டம்; இன்றைய பிள்ளைகளுக்கு அது விரைவில் சலிக்கக்கூடும். மூன்றாம் பாகமோ செழுமையானது, உடனே ஈர்க்கும்.

ஆயினும், எனது பரிந்துரை வெளிவந்த வரிசையே. முன்னோரைப் பற்றி நாம் முதலில் பெறுவது பெயரும் பெருமையும்தான். பின்னரே தேடிச் சென்று, அவர்களும் நம்மைப்போல் அஞ்சி, தோற்று, மீண்டும் எழுந்த மாந்தர் எனக் காண்கிறோம். 1, 2, 3 என்ற வரிசை அந்தத் தேடலைப் பிள்ளைக்குத் தருகிறது. 3, 1, 2 என்ற வரிசையில் விடை முதலில் வந்துவிடுகிறது; வினா பின்னால் வருகிறது. வகுப்பறையில் நாம் தவிர்க்க விரும்புவதும் இதுவே அன்றோ?

பெற்றோர் கவனத்திற்கு

1. முதல் மூன்று பாகங்களை 1, 2, 3 என ஆடட்டும். பழைய வடிவில் இவை கைப்பேசியிலும் நிண்டெண்டோ ஸ்விட்சிலும் வெளிவந்துள்ளன. முதல் பாகம் சிறியது என்பதால் பொறுமையைப் பெரிதாகச் சோதிக்காது.

2. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை தனி முத்தொகுதி. அங்கும் ஆறாம் பாகமே கதைக்காலத்தில் முந்தியது. அதனை இறுதியாக ஆடுவதே சிறப்பு.

3. 2000இல் வந்த ஏழாம் பாகத்தையும் 2004இல் வந்த எட்டாம் பாகத்தையும் தனித்தனியே ஆடலாம், வரிசை தேவையில்லை.

4. 2017இல் வந்த பதினோராம் பாகத்தைத் தனியாகவும் ஆடலாம். ஆனால் அதன் முடிவு முதல் முத்தொகுதியைத் தொடுகிறது. முதல் மூன்றை அறிந்தவர்க்கே அது முழுப்பயன் தரும்.

பிள்ளை மூன்றாம் பாகத்தை ஏற்கனவே தொடங்கிவிட்டால் தடுக்க வேண்டா. முடித்தபின் முதல் பாகத்தை ஆடச் செய்து, ஊரார் ரோட்டோவைப் பற்றிச் சொல்வனவற்றுள் எவை உண்மை, எவை கூட்டிச் சொன்னவை என ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அப்பிள்ளை நேரில் கண்ட சாட்சி. ஊரார் வழிவழியாகக் கேட்டவர். அந்தப் பட்டியல் நல்லதொரு வரலாற்றுப் பயிற்சியாக அமையும்.