அரண்மனை முற்றம்

லிஸ்பன் நகரத்தின் நதிக்கரையிலே, மூன்று பக்கம் மஞ்சள் வர்ணம் பூசிய வளைவு மண்டபங்களும் நான்காம் பக்கம் தண்ணீரும் எல்லையாக அமைந்த விஸ்தாரமான சதுக்கம் ஒன்று இருக்கிறது. பதிவேடுகளிலும், பிரயாணிகளுக்கு விற்கும் படங்களிலும் அதற்கு 'வர்த்தகச் சதுக்கம்' என்று பெயர். ஆனால் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதன் படிக்கட்டில் அமர்ந்து அலையைப் பார்த்திருக்கும் பையன்கள் முதற்கொண்டு, அதை இன்றைக்கும் 'தெரெய்ரோ தோ பாசோ' என்றே சொல்லுகிறார்கள். அரண்மனை முற்றம் என்பது அதன் பொருள். அரண்மனை எங்கே என்று கேட்பீர்களானால், அது 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி காலையில் இடிந்து விழுந்து, மிஞ்சியது எரிந்தும் போயிற்று. இருநூற்றெழுபது வருஷமாக இல்லாத ஒரு வீட்டின் வாசலுக்கு அந்த வீட்டின் பேரையே வழங்கிவருகிற ஜனங்கள் அவர்கள்.

லிஸ்பனைப் பார்க்க வரும் யாத்ரிகன் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். பழமையைத் தேடி வருகிற அவன் நடக்கும் வீதிகளிற் பல, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கயிறு பிடித்து அளந்து போட்டவை. அவன் தேடுகிற பழைய நகரமோ, அவன் காலுக்கு அடியிலும், ஊராரின் வாய்ச்சொல்லிலும், சில குன்றுகளின் சரிவிலும், மேற்கே தள்ளியிருக்கும் பெலேம் என்ற துறையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

இதைக் கடற்கரை நகரம் என்று சொல்லுவதும் முழு உண்மையன்று. ஸ்பெயின் தேசத்து மலைகளிற் பிறந்து மேற்கே ஓடிவரும் தேஜு நதி, அட்லாண்டிக் சமுத்திரத்தோடு கலப்பதற்குச் சற்று முன்பாக, அக்கரை மங்கித் தெரியும் அளவுக்கு அகன்று ஓர் உள்கடலைப் போல விரிகிறது; அதற்கு அவ்வூரார் 'வைக்கோற்கடல்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கப்பல்களுக்கு ஆழமும் புயலுக்கு மறைவும் ஒருங்கே வாய்த்த அத்துறையின் வடகரையிலேதான் ஊர் அமைந்தது. யுலிஸஸ் என்ற கிரேக்க வீரன் வந்து ஸ்தாபித்தான் என்பது ஸ்தலபுராணம். புராணத்தை ஒதுக்கிவிட்டாலும், பினீஷிய வணிகர் வந்துபோன சுவடுகள் மண்ணிலே இருக்கின்றன. ரோமானியர் ஆண்டார்கள், பிறகு எட்டாம் நூற்றாண்டு முதல் முஸ்லிம்கள் நானூறு வருஷத்துக்கு மேலாக ஆண்டார்கள். 1147இல், புண்ணிய பூமிக்குச் சிலுவைப்போர் செய்யப் புறப்பட்டு வழியில் இறங்கிய வடநாட்டு வீரர்களின் துணையோடு, அபோன்சோ என்ற போர்ச்சுகல் மன்னன் பல மாத முற்றுகைக்குப் பின் குன்றின்மேலிருந்த கோட்டையைப் பிடித்தான். அந்தக் கோட்டைக்குக் கீழே சரிந்து இறங்கும் அல்ஃபாமா என்ற பகுதியின் பெயர், வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்சி போனாலும் பெயர் போகவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

மன்னர்கள் குன்றின்மேலிருந்து நதிக்கரைக்கு இறங்கி வந்த காரணம் நம் தேசத்து மிளகுதான். வாஸ்கோ ட காமா 1497ஆம் ஆண்டு ஜூலையில் பெலேம் துறையிலிருந்து புறப்பட்டு, மறு வருஷம் மே மாதம் கோழிக்கோட்டை அடைந்து திரும்பிய பிறகு, முதலாம் மானுவேல் மன்னன் கோட்டை வாசத்தை விட்டு, கப்பல்கள் பொதி இறக்குவதைத் தன் ஜன்னலிலிருந்தே பார்க்கக்கூடியபடி கரையோரத்தில் அரண்மனை கட்டிக்கொண்டான். அதை ஒட்டியே 'இந்தியா இல்லம்' என்ற வாணிகக் கச்சேரி இருந்தது. மிளகும், பட்டையும், கிராம்பும் அங்கே நிறுக்கப்பட்டு, வரி விதிக்கப்பட்டு, ஐரோப்பாவெங்கும் போயின. பிரான்ஸ் தேசத்து அரசன் அவனை 'மளிகைக்கார ராஜா' என்று எள்ளியதாக ஒரு கதை உண்டு. எள்ளல் இருக்கட்டும், அந்த ஐசுவரியத்துக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. 1551ஆம் ஆண்டில் எடுத்த கணக்கொன்று, அந்நகர ஜனங்களிற் பத்தில் ஒருவர் அடிமை என்று சொல்லுகிறது. மிளகு இறங்கிய கரையிலேயே மனிதர்களும் விற்பனைக்கு இறங்கினார்கள் என்பதைப் பிரயாண வழிகாட்டிகள் வெகுகாலம் சொல்லாமல் விட்டுவிட்டன.

இனி அரண்மனை விழுந்த அந்தக் காலை. சகல புனிதர் திருநாளாகையால் தேவாலயங்களிலெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி ஜனங்கள் நிறைந்திருந்த வேளை. ஒன்பதரை மணிக்குச் சற்றுப் பின்னே பூமி அதிர்ந்தது. பல நிமிஷம் நீடித்த அவ்வதிர்ச்சியில் கூரைகளும் கோபுரங்களும் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமேலேயே விழுந்தன. தப்பினவர்கள், கல் விழாத வெட்டவெளி என்று நம்பி, அரண்மனை முற்றத்துக்கும் நதிக்கரைக்கும் ஓடினார்கள். நதியோ முதலில் உள்வாங்கி, அடித்தரை தெரியும்படி வற்றிக் காட்டிவிட்டு, பிறகு மலைபோல எழுந்து அவர்கள்மேல் வந்தது. பீடங்களில் எரிந்த திரிகளும் அடுப்பங்கரை நெருப்பும் சேர்ந்து மூட்டிய தீ ஐந்தாறு நாள் அணையவில்லை. நிலமும் நீரும் நெருப்பும் ஒரே நாளில் ஓர் ஊரின்மேல் படையெடுத்தது போன்ற சம்பவம் அது. இறந்தவர் தொகை முப்பதாயிரம் என்பாரும் அறுபதாயிரம் என்பாரும் உண்டு. அரண்மனையோடு எழுபதாயிரம் ஏடுகள் கொண்ட அதன் புத்தகசாலையும், இந்தியா இல்லத்தின் ஆவணங்களும், திறந்து ஏழு மாதமே ஆன இசை நாடக அரங்கமும் நாசமாயின.

அழிவின் சரித்திரத்தைவிட அதன் பின்னே நடந்த நிர்மாணத்தின் சரித்திரமே எனக்கு வியப்பைத் தருவது. ஜோசே மன்னன் நடுங்கிப்போயிருந்தான். கல்லாற் கட்டிய கூரையின்கீழ் இனி உறங்குவதில்லை என்று, அஜூதா மேட்டிலே மரத்தாலும் துணியாலும் அமைத்த கொட்டகை அரண்மனையில் தன் மிச்ச ஆயுளைக் கழித்தான். காரியம் முழுவதும், பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற கார்வாலோ என்ற மந்திரியின் கைக்கு வந்தது. அவன் பிணங்களை அப்புறப்படுத்தினான், கொள்ளையரைத் தூக்கிலிட்டான், தானிய விலையைக் கட்டினான். அதோடு தேசத்திலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வினாப்பட்டியல் அனுப்பினான். அதிர்ச்சி எத்தனை நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை வீடு விழுந்தது, நிலத்தில் வெடிப்புக் கண்டதா என்ற அந்தக் கேள்விகளுக்கு வந்த விடைகளைத்தான் பூகம்ப சாஸ்திரிகள் இன்றளவும் புரட்டிப் பார்க்கிறார்கள். தெய்வ கோபம் என்று எல்லாரும் புலம்பின காலத்தில், எத்தனை நிமிஷம் என்று கேட்ட மனிதன் அவன். தெய்வ கோபந்தான் என்று பிரசங்கித்து வந்த மாலாகிரிடா என்ற முதிய சேசுசபைக் குருவை, 1761இல் மத விசாரணை மன்றத்தின் தீர்ப்பாகக் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்து எரித்தவனும் அவனே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி அவனைப் புகழ்வதோ பழிப்பதோ எளிது.

திட்டம் தீட்டியவர் மானுவேல் ட மையா என்ற தலைமைப் பொறியாளர். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய பிராயம். ராஜாங்க ஆவணங்களின் காப்பாளரும் அவரே. ஆவணக் கோபுரம் விழுந்தபோது, இடிபாடுகளிலிருந்து ஏடுகளை மீட்டுக் காப்பாற்றியவர் அந்தக் கிழவர். அவரே பழைய வீதிகளை அடியோடு மழித்து நேர்கோட்டுத் தெருக்களாகப் போடலாம் என்ற யோசனையையும் மன்னன் முன் வைத்தார். காகிதத்திலிருந்த பழமையைக் காத்து, கல்லிலிருந்த பழமையை விட்டுவிட்ட அந்தத் துணிவு எப்படி வந்ததோ! புதிய வீடுகளின் சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பின்னிக் 'கூண்டு' என்று பேரிட்டார்கள். கல் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும், உள்ளிருப்பவர் பிழைப்பர் என்பது கருத்து. மாதிரி ஒன்றைச் சமைத்து, அதைச் சுற்றிச் சிப்பாய்களைத் தாளம் தவறாமல் நடக்கவைத்து அதிர்ச்சியைச் சோதித்தார்கள் என்பர். இன்று அங்கே காபி அருந்தும் பிரயாணி சாய்ந்திருக்கும் சுவருக்குள்ளே அந்தக் கூண்டு இருக்கக்கூடும்.

தெருக்களின் பெயர்களையும் தொழில்வாரியாகப் பிரித்து வைத்தார்கள். தங்க வீதி, வெள்ளி வீதி, ஜவுளிக்காரர் வீதி என்று போகிற அந்த வரிசையிலே 'சப்பாத்தெய்ரோஸ்' வீதி என்று ஒன்று வருகிறது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் அந்தப் பலகையைக் கண்டால் மொழிபெயர்ப்பு வேண்டாமலே புரிந்துகொள்வார். சப்பாத்து, அதாவது காலணி, தைப்பவர் தெரு அது. சற்று முன் நான் 'ஜன்னல்' என்று எழுதினேனே, அதுவும் போர்த்துக்கீசியப் பாஷைதான். சாவி, மேசை, அலமாரி, ஏலம், பாதிரி, மேஸ்திரி, ஈழத்தவர் வழங்கும் குசினி என்று எண்ணிக்கொண்டே போனால், நம் வீட்டைப் பூட்டவும் திறக்கவுங்கூட லிஸ்பன்காரர் தயவு வேண்டியிருக்கிறது.

தப்பிப் பிழைத்ததைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே அல்ஃபாமாவின் சந்துகளில் ஏறவேண்டும். பாறையின்மேல் அமைந்த காரணத்தால் அப்பகுதி ஒருவாறு பிழைத்தது. தேவாலயங்களெல்லாம் விழுந்திருக்கத் தாசியர் வசித்த சந்துகள் நின்றனவே என்று அக்காலத்துப் பக்திமான்கள் கலங்கினார்களாம். சதுக்கத்துக்கு மேற்கே கார்மோ மடத்தின் ஆலயத்தைக் கூரையில்லாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். விலா எலும்புபோல நிற்கும் வளைவுகளின் மேலே ஆகாயம் தெரிகிறது. அழிந்த நகரத்தை முழுதாகக் காண ஒரு நல்ல வழி, ஓடுகளுக்கான தேசிய அருங்காட்சியகத்திலுள்ள நீலச் சித்திர ஓடுகளின் வரிசைதான். 1700ஆம் ஆண்டுவாக்கில் தீட்டிய, இருபத்துமூன்று மீட்டர் நீளமுள்ள அதில், அரண்மனையும், துறைகளும், மாடங்களும், விழுவதற்கு ஐம்பது வருஷம் முன்னே இருந்தபடியே இருக்கின்றன.

முற்றத்திலே பிறகும் சரித்திரம் நடந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கார்லோஸ் மன்னனும் பட்டத்து இளவரசனும் அங்கே சுடப்பட்டு இறந்தார்கள். இரண்டே வருஷத்தில் முடியாட்சி ஒழிந்தது. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி விடியற்காலை கவச வண்டிகளுடன் வந்து நின்ற இளம் ராணுவத்தினர், அன்று மாலைக்குள் கார்மோ மடத்தை அடுத்த படைவீட்டில் ஒளிந்திருந்த பிரதம மந்திரியைச் சரணடையச் செய்து, நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட சர்வாதிகாரத்தை முடித்தார்கள். சதுக்கத்திலிருந்து மேற்கே தெரியும் செந்நிறத் தொங்குபாலம் 1966இல் சலசார் என்ற சர்வாதிகாரியின் பேரால் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் 'ஏப்ரல் 25'. கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு பாலம், 1998இல் உலகக் கண்காட்சிக்காக எழுந்த புதுப் பேட்டைகளுக்கு அருகே, வாஸ்கோ ட காமாவின் பேரைத் தாங்கி நிற்கிறது. நவீன லிஸ்பன் என்பது அதுதான். கண்ணாடியும் எஃகும் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தானே இருக்கும். அங்கே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

அந்த நேரத்தைப் பெலேமுக்குக் கொடுக்கலாம். டிராம் வண்டியில் மேற்கே போனால், நதிக்கு எதிரே கல்லிலே கயிறும் பவளமும் முறுக்கினாற்போலச் செதுக்கிய ஜெரோனிமோஸ் மடம் நிற்கிறது. மிளகு முதலான சரக்குகளின் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கை, நம் பழைய கணக்கிற் சொன்னால் ஒரு மாவை, இதற்கென்று மானுவேல் மன்னன் ஒதுக்கினான். உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரிகர் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவன், 1524இல் கொச்சியில் இறந்து, அங்கே புதைக்கப்பட்டு, பின் சொந்த தேசத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1880இல் இங்கே வந்து சேர்ந்தான். எதிரே கவி கமோயன்ஸின் கல்லறை; ஆனால் அவர் புதையுண்ட ஆலயத்தையும் அந்த நவம்பர் காலை அழித்துவிட்டபடியால், உள்ளிருப்பது அவர் எலும்புதானா என்பது ஐயத்துக்குரியது. அருகே நீரோரமாக நிற்கும் கோபுரத்தில், ஒரு காவல்மாடத்தின் அடியில், தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை ஒன்றைக் காணலாம். குஜராத் சுல்தான் அளித்து 1515இல் லிஸ்பனுக்கு வந்த மிருகம் அது. யானையோடு போரிடட்டும் என்று எதிரெதிரே விட்டதில் யானை ஓடிவிட்டது. பின்னர் போப்பரசருக்குக் காணிக்கையாக அனுப்பினபோது கப்பல் இத்தாலிக் கரையருகே முழுக, சங்கிலியிற் கட்டுண்ட அந்த ஜீவன் மாண்டது. நேரிற் பார்க்காமலே ஜெர்மானிய ஓவியர் டூரர் வரைந்த அதன் படந்தான் வெகுகாலம் ஐரோப்பாவில் காண்டாமிருகமாக உலவிற்று.

மடத்தின் மேற்குச் சிறகிலே புதைபொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1554ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி லிஸ்பனில் அச்சாகி முடிந்த சிறு ஜெபப்புத்தகம் ஒன்று அதன் உடைமை. போர்த்துக்கீசியப் பெயர் பூண்ட மூன்று தமிழர், ஜான் மன்னனின் ஆணைப்படி, தமிழையும் போர்த்துக்கீசியத்தையும் வரிக்கு வரி சேர்த்து அமைத்தது அது. கறுப்பும் சிவப்புமாக இரண்டு மையில் அச்சிட்டது. தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்படாத காலமாகையால் தமிழும் ரோமானிய லிபியிலேயே இருக்கிறது. அச்சேறிய முதல் தமிழ் அதுவே. தமிழ் லிபியில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவர இன்னும் இருபத்துநான்கு வருஷம் இருந்தது. தனிநாயக அடிகள் 1958இல் 'தமிழ் கல்ச்சர்' ஏட்டில் இதைப் பற்றி விரிவாக எழுதிய பின்னரும், பெலேமுக்குப் போகும் தமிழரிற் பலர் எதிர்த் தெருவில் 1837 முதல் விற்கும் முட்டைப் பாலாடைப் பணியாரத்துக்கு வரிசையில் நின்று தின்றுவிட்டு, அடுத்த டிராமில் திரும்பிவிடுகிறார்கள். பணியாரம் ருசியானதுதான்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அறியப்பட்ட பிரதி அது ஒன்றே. அருங்காட்சியகம் திருப்பணிக்காக நெடுங்காலம் மூடப்படுவதும் உண்டாகையால், பார்க்க விரும்புகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.