வாரிசும் காப்பாளரும்: ஒரு சட்ட ஓட்டையின் கதை

கணவர் கோமாவில் கிடக்கிறார். ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டே போகிறது. அவர் பெயரில் ஒரு மனை இருக்கிறது. மனைவி அதை விற்கலாமா? முடியாது. நாமினி என்பது இறந்த பிறகுதான் செல்லும். முன்பே எழுதி வைத்த பவர் பத்திரமும் கைகொடுக்காது. எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. சரி, கோர்ட்டுக்குப் போய் கார்டியன், அதாவது காப்பாளர், ஆகலாம் என்றால் எந்தச் சட்டத்தில் மனுப் போடுவது என்பதே கேள்வி. இந்த நிலைமை எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

ஆரம்பம் இடைக்கால இங்கிலாந்தில். பிறவியிலேயே அறிவு வளராதவரின் நிலம் ராஜாவிடம் போகும். அவரைப் பராமரித்தது போக மிச்ச வருமானம் ராஜாவுக்கு. நடுவில் சித்தம் கலங்கியவரின் நிலத்தில் மட்டும் ராஜா லாபம் எடுக்கக்கூடாது. குணமானதும் திருப்பித் தர வேண்டும்.

இந்த வழக்கத்தைப் பற்றி 1765-இல் பிளாக்ஸ்டோன் எழுதியது சுவாரசியமானது. சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வாரிசிடம் தரலாம். நாளை தனக்கு வரப்போகிற சொத்தை அவன் கெடுக்க மாட்டான். ஆனால் ஆளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடம் தருவது அபூர்வம். அவர் செத்தால் அவனுக்குத்தானே லாபம்!

மதராஸில் கம்பெனிக்காரர்களின் கவலை வேறு. 1804-ஆம் வருட 5-ஆம் ரெகுலேஷன் இங்கே கோர்ட் ஆஃப் வார்ட்ஸை ஏற்படுத்தியது. பெயர்தான் கோர்ட், நடத்தியது ரெவின்யூ போர்டு. ஜமீன்தார் சிறுவனாகவோ புத்தி சுவாதீனம் அற்றவராகவோ இருந்தால் ஜமீனை அது எடுத்து நடத்தும். வரி நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

1858-இல் மூன்று சட்டங்கள் வரிசையாக வந்தன. 34-ஆவது, மதராஸ், கல்கத்தா, பம்பாய் நகரங்களின் சுப்ரீம் கோர்ட்டுகளுக்கு. 35-ஆவது, ஜில்லா கோர்ட்டுகளுக்கு. 36-ஆவது, மனநோய் விடுதிகளுக்கு. 1912-ஆம் வருடச் சட்டம் இவற்றை ஒன்றாக்கியது. பிளாக்ஸ்டோன் சொன்ன சந்தேகம் இதிலும் உண்டு: வாரிசை ஆளுக்குக் காப்பாளராக நியமிக்கத் தடை. 1987 மனநலச் சட்டமும் அதை விடவில்லை. வாரிசைத்தான் நியமிக்க வேண்டுமென்றால், அது நோயாளிக்கு ஏன் நல்லது என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு காற்று மாறியது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தால், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உள்ள பிள்ளைகள் 18 வயதைத் தாண்டிய பிறகும், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பெற்றோர் காப்பாளர் உரிமை கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், காப்பாளர் தானாக முடிவெடுக்காமல் அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்றது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் சிகிச்சை எப்படி இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தந்தது. எல்லாமே நல்ல மாற்றங்கள்.

ஆனால் அதே 2017 சட்டம் 1987 சட்டத்தை ரத்து செய்தது. அதில் சொத்து நிர்வாகத்துக்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருந்தது. புதுச் சட்டத்தில் அதற்கு மாற்று இல்லை. எங்கள் தொழிலில் பழைய மாட்யூலைத் தூக்கும்போது, யாரெல்லாம் அதை நம்பி ஓடுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். இங்கே அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோமாவோ மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

அதனால் குடும்பங்கள் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் கோமா நோயாளிகளுக்கான வழிமுறைகளை வகுத்தது: மருத்துவக் குழுவின் பரிசோதனை, வருவாய்த்துறை விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காப்பாளரின் அறிக்கை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் இருந்தவரின் சொத்தை விற்கக் கேட்ட மனைவியைத் தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அனுமதி தந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: 50 லட்சம் ரூபாய் கணவர் பெயரில் டெபாசிட் ஆக வேண்டும்.

பிளாக்ஸ்டோன் காலத்துச் சந்தேகம் இன்னும் போகவில்லை, பாருங்கள். அது போகவும் கூடாது. சொத்தைத் தொட வருகிறவரை யாராவது கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்காணிப்பு ஜில்லா கோர்ட்டிலேயே, சட்டத்தில் எழுதிய ஒரு நடைமுறையாக 1858 முதல் இருந்தது. இன்று அதற்கு ஹைகோர்ட் வரை போக வேண்டியிருக்கிறது, அதுவும் ஐசியூ வாசலிலிருந்து.