துலாவர்ஷமும் புயலும்: திருவனந்தபுரம் வானிலையை எதிர்நோக்கிய வரலாறு

வடக்கு நாடுகளின் வானிலை ஆர்வலர்கள் பருவத்தின் முதற்பனிக்காகக் காத்திருக்கும் அதே வாரங்களில், தென்னிந்திய ஆர்வலர்களின் கவனம் வங்கக்கடலின் தென்மேற்கு மூலையில் குவிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இக்காலத்தைத் தமிழகத்தின் மழைக்காலமாக மட்டுமே கருதுவது வழக்கம். ஆனால் இந்த எதிர்நோக்கலுக்கு நீண்ட, எழுதப்பட்ட வரலாறு உடைய நகரங்களுள் ஒன்று மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது. அது திருவனந்தபுரம்.

கேரளத்திற்கு ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவத்தில் ஏறத்தாழ 2000 மி.மீ. மழையும், வடகிழக்குப் பருவத்தில் ஏறத்தாழ 490 மி.மீ. மழையும் கிடைக்கின்றன. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரவர முதற்பருவத்தின் பங்கு குறைந்து, இரண்டாம் பருவத்தின் பங்கு கூடுகிறது. இரு பருவங்களுக்கும் மக்கள் இட்ட பெயர்களே நாட்காட்டியாகவும் அமைந்துள்ளன. இடவ மாதத்தின் நடுவில் தொடங்குவது இடவப்பாதி. துலா மாதத்தில், அதாவது தமிழ் ஐப்பசியில், வருவது துலாவர்ஷம். உழவர்கள் ஆண்டை 27 ஞாற்றுவேலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தகைய மழை பெய்யும், எதை நடலாம் என்று கணித்தனர். தமிழ்நாட்டில் மார்கழி மேகங்களைப் பார்த்து அடுத்த ஆண்டின் மழையைக் கணிக்கும் கர்ப்போட்டமும் இவ்வகையினதே. கடலோரத்தில் வேறொரு சொற்றொகுதி வழங்கியது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்று வரும் திசைக்கும், நீவாடு என்று நீரோட்டத்திற்கும் பெயரிட்ட மீனவர்கள், வானிலையை மாதத்தால் அறிந்ததைக் காட்டிலும் திசையால் அறிந்தனர்.

இவ்விரு மொழிகளுக்கும் அருகே, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், எண்களாலான மூன்றாவது மொழியொன்று வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவரும் ஓர் ஆர்வலரே. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராயிருந்த ஜான் கால்டிகாட், தம் சொந்த ஆர்வத்தால் கருவிகளை வைத்து வானை ஆராய்ந்துவந்தார். அவருடைய கருத்து சுவாதித் திருநாள் மகாராஜாவை எட்டவே, 1837இல் திருவனந்தபுரத்தின் குன்றொன்றில் வானோக்கு நிலையம் எழுந்தது. கால்டிகாட் அதன் முதல் இயக்குநரானார். பின்னர் ஐரோப்பா சென்று புதிய கருவிகளைத் தேடிக் கொணர்ந்தார். விண்மீன்களோடு காற்றழுத்தம், வெப்பம், புவிக்காந்தம் ஆகியவையும் பதிவாயின. நிலத்தின் அடியில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து, ஆண்டுக்கணக்கில் அவர் அளந்தார். 1849இல் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் காந்த நிலையத்தில் பணியாற்றிய அனுபவத்தோடு வந்தவர். உயரம் கூடும்போது காற்றும் காந்தமும் எவ்வாறு மாறுகின்றன என்று அறிய விரும்பிய அவர், 1855இல் அகத்தியமலையின் உச்சியில், ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்தில், துணை நிலையமொன்றை நிறுவினார். தமிழ் மரபு பொதிகை என்று போற்றுவதும், முதல் இலக்கணியின் உறைவிடமாகவும் தென்றலின் பிறப்பிடமாகவும் கருதுவதும் இம்மலையையே. காற்றுக்குப் பெயரிட்ட மரபின் மலையில் காற்றை அளக்கும் கருவி ஏறியது. இரு பருவமழைகளும் மோதும் அச்சிகரத்திலும் கீழே நகரத்திலும் குறித்த வேளை தவறாமல் அளவுகளை எடுத்து எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உதவியாளர்கள். அகத்தியமலை, திருவனந்தபுரம் ஆகிய இரண்டு இடங்களின் காந்தப் பதிவுகளும் 1874இல் நூலாக வெளிவந்தன. புவிக்காந்தத்தின் அன்றாட ஏற்றத்தாழ்வுகள் உலகின் தொலைதூர இடங்களில் ஒரே வேளையில் நிகழ்கின்றன என்ற பிரௌனின் முடிவுக்கு இப்பதிவுகளும் துணைநின்றன.

இப்பணியின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். அந்நிலையம் வானிலையைப் பதிவு செய்ததே தவிர, முன்னறிவிக்கவில்லை. தொலைவிலுள்ள பல நிலையங்களின் அளவுகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் குவிந்தாலன்றிப் புயலின் நகர்வை அறிய இயலாது. அதற்குத் தந்தியும், இந்தியா முழுமைக்குமான அமைப்பும் தேவைப்பட்டன. பிரௌன் 1865இல் பொறுப்பிலிருந்து விலகினார். இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது 1875இல். அத்துறையின் திருவனந்தபுரம் மையம் இன்றும் அந்தப் பழைய குன்றிலேயே இயங்குகிறது.

கால்டிகாட்டின் கருவிகள் அளந்த புவிக்காந்தம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் இந்நகரின் போக்கை மீண்டும் மாற்றியது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடமாகத் தும்பா என்ற மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்களிடம் பேசி இசைவு பெற்றார். புனித மரிய மகதலேனா தேவாலயம் அலுவலகமாயிற்று. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து பாய்ந்தது. 1970களில் சோவியத் நாட்டின் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் வாரந்தோறும் ஏவப்பட்டு, உயர்வளியின் வெப்பத்தையும் காற்றையும் அளந்தன. வானை அறிவதற்காகக் கடற்கரை தன் நிலத்தைக் கொடுத்தது.

அறிவு அதே கரைக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்ற கேள்வியை 2017 நவம்பர் இறுதி எழுப்பியது. இலங்கைக்குத் தென்கிழக்கே 29ஆம் நாள் உருவான தாழ்வு மண்டலம், குமரிக் கடலை அடைந்து 30ஆம் நாள் காலையில் ஒக்கிப் புயலாக வலுவடைந்தது. பொதுவாகப் புயல்கள் கிழக்குக் கரையை நோக்கியே வரும் என்ற நெடுநாள் அனுபவம் கேரளக் கரைக்கு உண்டு. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது கரை திரும்பவில்லை. எச்சரிக்கை எப்போது, எவருக்கு, எந்த வடிவில் கொடுக்கப்பட்டது என்பது பின்னர் நெடிய விவாதமாயிற்று.

அவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒரு கூறு சொல் பற்றியது. துறையின் வரையறைப்படி காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யை எட்டினால் தாழ்வு மண்டலம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினால்தான் புயல். அதுவரை அதற்குப் பெயரும் இடப்படுவதில்லை. அறிவியலுக்கு இவ்வரையறை இன்றியமையாதது. ஆனால் வெளிப்பொறி பூட்டிய சிறு வள்ளத்திற்கு 50 கி.மீ. காற்றே உயிராபத்து. ‘புயல்’ என்ற சொல் வரும்வரை ஆபத்து இல்லை என்று கேட்போர் கருதினால், வரையறையின் துல்லியமே எச்சரிக்கையின் வலுவைக் குறைத்துவிடும். மேலும், ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் வட்டாரத்துப் படகுகளுக்கு, அவை கரையைவிட்டு நெடுந்தொலைவு சென்ற பின் வரும் எந்தச் சொல்லும் எட்டாது. எண்களின் மொழி குன்றில் வளர்ந்தது. திசைகளின் மொழி கரையில் வாழ்ந்தது. இடையே மொழிபெயர்ப்போர் குறைவு.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஒக்கிக்குப் பின், இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகக் கடல் நடுவிலும் எச்சரிக்கைச் செய்தி பெறும் கருவிகள் கேரளப் படகுகளுக்கு வழங்கப்பட்டன. தும்பாவில் தொடங்கிய பயணத்தின் ஒரு கிளை இவ்வாறு கடலை எட்டியது. ‘ரேடியோ மான்சூன்’ என்ற தன்னார்வ முயற்சி, முன்னறிவிப்பை மீனவர்களுக்குப் புரியும் பேச்சாகக் கொண்டுசெல்ல முற்பட்டது.

2020 டிசம்பரில் வந்த புரெவிப் புயல் மறுபக்கத்தைக் காட்டியது. இலங்கையைக் கடந்து தென்கேரளத்தை நோக்கி வரும் என்று கணிக்கப்பட்டதால் திருவனந்தபுரம் முன்னேற்பாடுகளுடன் காத்திருந்தது. புயலோ மன்னார் வளைகுடாவிலேயே தேங்கி வலுவிழந்தது. கடலுக்குப் போகாத நாள் மீனவருக்கு வருவாயில்லாத நாள். இத்தகைய நாட்கள் பெருகினால் அடுத்த எச்சரிக்கையின் மீது ஐயம் எழுவது இயல்பு. ஆகவே முன்னறிவிப்பின் மதிப்பை அதன் துல்லியத்தோடு, அது தவறும்போது இழப்பை ஏற்பவர் யார் என்பதையும் கொண்டே அளக்க வேண்டும்.

இன்று செயற்கைக்கோள் படங்களும் கணினி மாதிரிகளும் எவருக்கும் கிடைக்கின்றன. துலாவர்ஷக் காலத்தில் ஆர்வலர் ஒருவர் வீட்டிலிருந்தே, கால்டிகாட் தம் வாழ்நாளில் காணாத அளவுத் தரவுகளை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். அவரால் இயலும் பெரும்பணி அடுத்த சுழலை முதலில் கண்டறிவதில் இல்லை. வாடை, கச்சான் என்று பேசும் ஒருவருக்கு அது எத்திசையிலிருந்து எப்போது வரும், எந்த ஆழத்தில் நிற்கும் படகு எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்வதில் இருக்கிறது. 1837இல் குன்றின் மேல் தொடங்கிய பதிவு, கரையில் நிற்கும் ஒருவரின் முடிவாக மாறும்போதுதான் முழுமை பெறுகிறது.