இதய அறுவைச் சிகிச்சை: குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காக்குமா பாராசிட்டமால்?

காய்ச்சலுக்கும் வலிக்கும் வீடுதோறும் பயன்படும் பாராசிட்டமால், இதய அறுவைச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் சிறுநீரகங்களைப் பாதுகாக்கவும் உதவக்கூடும் என அமெரிக்க ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும், இப்பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு காணப்படுகிறது. அவர்களுள் பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. மேற்கு வங்க அரசு 2013-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஷிஷு சாத்தி’ திட்டத்தின்கீழ், கொல்கத்தா உள்ளிட்ட இடங்களில் இத்தகைய சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது.

அறுவைச் சிகிச்சையின்போது இதயம், நுரையீரல் ஆகியவற்றின் பணியை ஓர் இயந்திரம் ஏற்கிறது. குருதி அதன் குழாய்கள் வழியே செல்லும்போது சிவப்பணுக்கள் சில சிதைந்து, ஹீமோகுளோபின் வெளியேறுகிறது. அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, செல்களின் கொழுப்புப் படலத்தைச் சிதைப்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பாராசிட்டமால் இந்த வேதிவினையைத் தடுப்பதையும், தசைச் சிதைவால் ஏற்படும் சிறுநீரகச் செயலிழப்பைக் குறைப்பதையும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் விலங்குச் சோதனையில் கண்டறிந்தனர்.

இதன் தொடர்ச்சியாக, அப்பல்கலைக்கழகம் 30 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. நரம்பு வழியாக மருந்து பெற்றவர்களின் குருதியில், கொழுப்புச் சிதைவைக் காட்டும் குறியீடுகளுள் ஒன்று குறைவாக உயர்ந்தது. ஆனால், சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டோரின் விகிதத்தில் மாற்றம் இல்லை.

2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 666 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 341 பேருக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. முதல் 48 மணி நேரத்தில் கூடுதல் அளவு பாராசிட்டமால் பெற்றவர்களிடம் இப்பாதிப்பு குறைவாகக் காணப்பட்டது. ஆயினும், பதிவுகளில் தென்படும் இத்தொடர்பைக் கொண்டு, மருந்தே பாதிப்பைக் குறைத்தது என முடிவு செய்ய இயலாது. அதற்குப் பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனைகள் தேவை.

பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் காய்ச்சலைத் தணித்து, நோய்த்தொற்றின் அறிகுறியையும் அது மறைத்துவிடக்கூடும். சளி, காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. எனவே, அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பெற்றோர் இதனைத் தாங்களாகவே கொடுக்கக் கூடாது. குழந்தையின் எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.