பண்டாரந் திறந்த வண்மை

கோனாட்டுக் கொடும்பாளூர், வேளிர் குலத்து இடங்கழி நாயனார் அரசு புரிந்த பதி. அடியார்க்கு அமுதளிக்கப் பொருளின்றி முட்டுற்ற அன்பரொருவர், நள்ளிரவில் அவர்தம் நெற்பண்டாரத்திற் புகுந்து நெல்லை முகந்தெடுத்தார். காவலர் பிடித்து அரசர்முன் நிறுத்தினர். காரணங் கேட்டறிந்த நாயனார், நெல்லேயன்றி ஏனைப் பொருள்களையும் அடியார் வேண்டியாங்கு எடுத்துச் செல்க எனப் பறையறைவித்தார்.

அவ்வூரிலேயே, ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில், பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன் மூவர் கோயிலை எடுப்பித்தான். மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் தவமுனிவர்க்குப் பெருமடமொன்று அளித்து, தவத்தோர் 50 பேர்க்கு அமுதூட்ட 11 ஊர்களையும் ஈந்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறும். இன்று மூன்று கோயில்களுள் இரண்டே நிற்கின்றன, மடமோ வழக்கொழிந்தது. ஓரிடத்தே காக்கப்படுங் கல்வி, அவ்விடத்திற்கு இறுதி வருங்கால் தானும் இறுதியெய்தும் என்பதை இவ்வூர் நமக்கு உணர்த்துகின்றது.

சைவத்தின் கல்விப் பண்டாரம் நெடுங்காலம் ஏட்டிலே அடங்கிக் கிடந்தது. அச்சிடும் உரிமை இந்நாட்டவர்க்கு 1835இல் தடைநீங்கியது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையினின்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவி, பிழையற்ற பதிப்புக்களை வழங்கலாயினர். அவ்வழியிலே, 1920இல் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றிற்று. வ. திருவரங்கம் பிள்ளையும் அவர் இளவல் வ. சுப்பையா பிள்ளையும் அதற்கு உயிராய் நின்றனர். ஒரு செல்வரின் கொடையை நம்பாது, பலர் பங்கிட்டுச் சேர்ந்த கூட்டாக அஃது அமைந்தது. 1923இல் செந்தமிழ்ச் செல்வி என்னுந் திங்களிதழையும் தொடங்கிற்று. திருமுறையும் சாத்திரமும் சங்கநூலும் அதன் விற்பனை நிலையங்களின் வாயிலாக இல்லந்தோறும் புகுந்தன. மறைமலையடிகள் 1950இல் இறைவனடி சேர்ந்தபின், அவர் தொகுத்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையிலே நூல்நிலையம் கண்டதும் இக்கழகமே. நூறாண்டு கடந்து நிற்கும் நூலகங்காடி இது.

குருமுகமாகப் பெறற்குரிய மறைபொருளைக் கடையில் விற்றல் தகுமோ எனச் சிலர் ஐயுறுவர். நெல்லைப் பெற்றவுடனே பசி தீராது. அதனைச் சோறாக்கித் தருவார் வேண்டும். அங்ஙனமே நூலைப் பெற்றவர்க்கு ஆசிரியர் வேண்டும். தீக்கையின் இன்றியமையாமை அச்சினால் குறைந்ததில்லை. ஆயினும் நெல்லே இல்லாதவிடத்துச் சோறு ஏது?

பண்டாரந் திறந்தபின்னும் எடுப்பாரில்லையேல் நெல் உளுத்துப்போம். ஆதலின் மெய்யன்பர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு சாத்திர நூலேனும் விலைகொடுத்து வாங்கி, தக்கார்பாற் பாடங்கேட்டு, மனைக்கண் ஓதுவாராக. இடங்கழியார் திருவுள்ளத்திற்கு உவப்பான தொண்டு இதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.