சுவரோவியமும் இளையோர் கைகளும்

தமிழகச் சுவரோவியங்களைப் பற்றி இதுகாறும் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் காலம், புரந்தோர், பொருள் என்னும் மூன்றனையே நாடிச் சென்றன. அவற்றை எழுதிய கைகள் எத்தனை, அவற்றுள் இளையோர் கைகளும் இருந்தனவா என்னும் வினா எழுப்பப்பெற்றது அரிது. ஊர்தோறும் பள்ளிச் சுவர்கள் வண்ணம் பெற்றுவரும் இக்காலத்தில் இவ்வினா வெறும் பழமை ஆராய்ச்சியாக நின்றுவிடாது. ஓமலூர் வட்டாரத்தில் ஒரு பள்ளிச் சுவரைச் சிறுவர் பலர் கூடி எழுதப் புகின், அவர்க்கு நம் மரபு கைகொடுக்குமா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகின்றது. காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் கௌதமனும் ஆங்கு எழுதப்பெற்றிருந்தனர். கண்டோர் சுட்டி வினவினர். அறிந்தோர் விடை கூறினர். சுவரோவியம் பலர் கூடிக் காணுதற்கு உரியது என்பதற்கு இது நல்ல சான்று. எழுதியோர் யாவர் என்பதனைப் பாடல் கூறவில்லை. சித்தன்னவாசலின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அக்குடைவரையைப் புதுக்கிய மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரைப் போற்றுகின்றது. தாமரைப் பொய்கையில் தூரிகை வைத்தோர் பெயர் அதிலும் இல்லை.

இலக்கியமும் கல்வெட்டும் வாய் திறவாத இடத்தில் சுதையே பேசுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அருங்காட்சியக வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, அவை ஈரச் சுதையின்மேல் எழுதப்பெற்றன என நிறுவினார். இம்முறையில் வண்ணத்திற்குப் பசை வேண்டா. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிணித்துக்கொள்ளும். ஆயின், பூச்சு உலருமுன் எழுதி முடித்தல் வேண்டும். ஒருநாளில் எழுதக்கூடிய அளவே அன்று பூசப்பெறும். ஒருவர் சுண்ணாம்பைச் சலிக்க, ஒருவர் காவிக்கல்லை அரைக்க, ஒருவர் கரணை பிடிக்க, ஒருவர் கோடிட, ஒருவர் வண்ணமிட நிகழ்வது இத்தொழில். தனியொருவர் சாரத்தின்மேல் அமர்ந்து பெருஞ்சுவர் முழுதும் எழுதினார் எனக் கருதுதல் தொழில் அறியாதார் கருத்தாகும்.

ஈண்டு ஒரு சொல்லை நோக்குக. கொத்தனார்க்கு உதவி செய்வோரைச் ‘சித்தாள்’ என்கின்றோம். சிற்றாள் என்பதன் மரூஉவே அது. இன்று வயது வந்த பெண்டிரையும் அச்சொல் குறிக்கின்றதெனினும், அதன் முதனிலை ‘சிறு’ என்பதே. சுண்ணாம்பு குழைத்த இடத்தில் சிறுவர் நின்றனர் என்பதற்கு இச்சொல்லே சான்றாதல் கூடும். அவர் நின்றது ஏவலராக என்பதனையும் அச்சொல்லே கூறிவிடுகின்றது.

ஓமலூரிலிருந்து தொப்பூர்க் கணவாய் கடந்து தருமபுரி நோக்கிச் செல்வோர் அதியமான்கோட்டையை அடைவர். அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இராமாயணக் காட்சிகள் முதலிய ஓவியங்கள் உள்ளன. ஓமலூர் மாணவர் ஒருநாட் செலவில் சென்று காணத்தக்க பழஞ்சித்திரம் இது. பிற்கால ஓவிய மரபில் கதை பட்டை பட்டையாகப் பகுக்கப்பெறுதல் பெருவழக்கு. ஒவ்வொரு பட்டையும் ஒரு தரைக்கோட்டின்மேல் நிற்கும். மாந்தர் அக்கோட்டின்மேல் வரிசையாக நிற்பர். திருப்பருத்திக்குன்றத்திலும் செங்கத்திலும் காட்சிகளின்கீழ் விளக்க வரிகளும் உண்டு. செங்கத்தில் அவை தெலுங்கு. சோழர் ஓவியத்தின் விரிந்த களத்தை நோக்க இப்பட்டை முறை கலைத்தேய்வு எனக் கூறுவோர் உளர். கலைமதிப்புப் பற்றி அவர் கூறுவது எவ்வாறாயினும், பல கைகள் ஒரு சுவரைப் பகிர்ந்து எழுதுதற்கு இதனினும் ஏற்ற வடிவம் இல்லை என்பது என் துணிபு. ஒரு பட்டையில் எழுந்த பிழை மற்றொன்றைக் கெடுக்காது. கதை ஒன்றாதலின் சுவர் சிதறவும் செய்யாது.

இப்பட்டைக்கும் சிறுவர்க்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. சிறுவர் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் லோவன்பெல்டு, 1947-இல் வெளிவந்த தம் நூலில், ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தை தான் எழுதும் யாவற்றையும் ஓர் அடிக்கோட்டின்மேல் நிறுத்தும் இயல்பினது எனக் காட்டினார். மரமும் வீடும் மாடும் மனிதனும் அக்கோட்டின்மேல் நிற்கும். கற்பியாமலே குழந்தை கைக்கொள்ளும் ஒழுங்கும், நாயக்கர் கால ஓவியர் வழிவழியாகக் கைக்கொண்ட ஒழுங்கும் ஈண்டு ஒன்றுபடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனக் கூறுதல் பொருந்தாது. பள்ளிச் சுவரில் இரண்டும் எளிதிற் கூடும் என்பதே கருதத்தக்கது.

இனி, இளையோர் கூடிக் கற்ற முறை நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதினர். சட்டாம்பிள்ளை இளையோர் கைபிடித்து எழுதுவித்தான். 1789-இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இம்மணலெழுத்தைக் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்து, 1797-இல் அதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனவே அது அங்கு வழங்கிற்று. வீட்டிலோ, மார்கழிக் கோலத்தில் தாய் புள்ளி வைக்க, மகள் இழை கோத்தாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரின் அடியில் செம்மண் பட்டை தீட்டுவதும் பெரியோரும் சிறியோரும் கூடிச் செய்த பணியே.

எனினும், இவை யாவற்றிலும் இளையோர் பயில்வோரேயன்றிப் படைப்போர் அல்லர். அந்நிலை மாறத் தொடங்கிய இடமாகச் சாந்திநிகேதனத்தைக் கூறலாம். 1919-இல் தொடங்கிய கலாபவனத்தில் நந்தலால் போஸ் சுவரைக் கல்வியின் ஒரு கூறாக்கினார். 1920-களின் இறுதியில் செய்ப்பூரிலிருந்து நரசிங்கலால் என்னும் மரபுக் கைவினைஞர் வரவழைக்கப்பெற்றார். நூலகத் தாழ்வாரத்தில் மாணவர் அவருடன் நின்று செய்ப்பூர்ச் சுதைமுறையைக் கற்றனர். 1930-களில் மண்ணால் எழுப்பித் தார் பூசிய ‘கருவீட்டின்’ புறச்சுவர்களில் மாணவர் புடைப்புருவங்களைச் சமைத்தனர். 1946–47-இல் வினோத் பிகாரி முகர்ஜி இந்திபவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இடைக்கால அடியார் வாழ்வை எழுதினார். நம் இராமானுசரும் அவ்வடியார் திருக்கூட்டத்துள் ஒருவர். உடனுழைத்த மாணவருள் கே. ஜி. சுப்பிரமணியன் ஒருவர், கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1944-இல் சாந்திநிகேதனம் சேர்ந்தவர்.

இந்திபவன ஓவியத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. சுவரளவிற்கு முழுப்படம் வரைந்து அதனை ஈரச் சுதைமேல் படியெடுத்தல் பொதுவான வழக்கு. வினோத் பிகாரி அவ்வாறு செய்யாது சுவரிலேயே நேரே எழுதினார். இளமை முதலே பார்வை குன்றியவர் அவர்; பிற்காலத்தில் அதனை முற்றும் இழந்தார். முழுப்படம் முன்னரே அமைந்துவிடின் உடனிருப்போர் கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவோராவர். அமையாதாயின், சுவர் வளர வளர அவரும் சிந்தித்தல் வேண்டும்.

கலாபவனத்தார் வளர்ந்த மாணவர், சிறுவர் அல்லர். அம்முறையின் உயிர்க்கூற்றைச் சிறுவர் கல்விக்குக் கொண்டுசென்றோருள் ஒருவர் தேவி பிரசாத். கலாபவனத்திற் பயின்ற அவர் 1944-இல் சேவாகிராமம் சென்று ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். வியன்னாவில் பிரான்சு சிசெக் 1897-இல் சிறுவர்க்கென ஓவிய வகுப்புத் தொடங்கி, குழந்தையின் ஓவியம் பெரியோர் ஓவியத்தின் குறைப்படியன்று என நிறுவ முயன்றமையும் ஒப்புநோக்கத்தக்கது. பெருங்களத்திற் சிறுவர் கூடி எழுதுதல் உலகளாவிய இயக்கமானது அண்மையில். 1995-இல் சப்பானில் தோன்றிய ‘சிறுவர் குவெர்னிகா’ இயக்கம், பிக்காசோவின் 1937-ஆம் ஆண்டு ஓவியத்தின் அளவாகிய 3.5 மீட்டருக்கு 7.8 மீட்டர் துணியைப் பல நாட்டுச் சிறுவரிடம் அளித்து, அமைதி பற்றித் தாமே எழுதச் செய்தது.

தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஓர் அரிய கூறு இருந்தது. வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதி, தரையில் அமர்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகையாக்கப்பெற்றது. சுவரின் ஒரு பகுதி குழந்தைக்கே உரியது என அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது. அதே காலத்தில், கட்டடமே பாடக்கருவியாதல் வேண்டும் என்னும் கொள்கையும் பரவியது. படிக்கட்டில் எண்ணும் கதவில் கோணமானியும் எழுதுதல் பயனுடையதே. ஆயின் அவற்றை எழுதியோர் பெரும்பாலும் கூலிக்கு வந்த வண்ணக்காரர். பிள்ளைகள் காண்போர் மட்டுமே. சிறுவர் எழுதியன எனப்படும் பல சுவர்களிலும் பெரியவர் ஒருவர் புறக்கோடு வரைந்துவிட, சிறுவர் அதனுள் வண்ணம் நிரப்பிச் செல்கின்றனர். இது சித்தாள் நிலைக்கே அவரை மீட்டும் அனுப்புதலாகும். புறக்கோடு இல்லையேல் சுவர் கந்தலாகும் என ஆசிரியர் அஞ்சுவர், அவ்வச்சம் பொருளற்றதன்று. நாற்பது பிள்ளைகளுக்கு வெறுஞ்சுவரைத் தந்தால் நாற்பது சிறுபடங்களே தோன்றும், ஒரு பெருஞ்சித்திரம் தோன்றாது.

இவ்விடத்தில்தான் பட்டைமுறை துணைபுரியும். ஆசிரியர் இடவேண்டியன தரைக்கோடுகள் மட்டுமே. ஓமலூர்ச் சுவராயின் சரபங்கா ஆற்றின் போக்கினை ஒரு பட்டையிலும், சந்தையை ஒரு பட்டையிலும், தாரமங்கலத் தேரினை ஒரு பட்டையிலும் பிள்ளைகளே பகுத்துக்கொள்ளலாம். அடிப்பட்டை முதல் வகுப்பினர்க்கு. அவர்க்கு மேலே எட்டுவோர் மூத்தோர். சாரம் தேவைப்படும் உயரத்தைத் தொடவே வேண்டா. காவியும் மஞ்சட்கல்லும் கரியும் சுண்ணாம்பும் போதும். ஒவ்வொரு காட்சியின்கீழும், செங்கத்தில் உள்ளதுபோல, விளக்கவரி எழுத ஒரு சாண் இடம் விடுதல் வேண்டும். அடுத்து வெள்ளையடிக்குமுன் ஒளிப்படம் எடுத்து, எழுதிய பிள்ளைகளின் பெயருடன் பள்ளிப் பதிவேட்டிற் சேர்த்தலும் எளிது.